அக்கரை தெரியும் நாட்கள்

இன்று பதினான்காவது நாள். ஏசுவடியான் பின்வாசல் படியில் உட்கார்ந்து, காப்பித் தம்ளரை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திப் பிடித்துக்கொண்டு, அந்தக் கணக்கை இன்னொரு தடவை சரிபார்த்தார். அக்கரை வீட்டின் ஓட்டு முகடு முதலில் தெரிந்த நாளை ஒன்று என்று வைத்தால் இன்று பதினான்கு. வருஷத்தில் பதினோரு மாதம் அந்த வீட்டை ரப்பர் மரங்களின் தழை மூடி வைத்திருக்கும். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கிறது, செத்துப்போன தம்பி தங்கையனின் மனைவி ரோஸ்லெட் அதில் ஒற்றைக்கு இருக்கிறாள் என்பதை விறகு பிளக்கும் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தை மாதம் மரங்கள் ஒருமிக்க இலையைக் கழற்றிப் போட்டதும் வீடு அப்படியே கண்முன்னால் வந்து நிற்கும், கதவு, ஜன்னல், கொடியில் காயும் துணி உட்பட. பிறகு செம்பு நிறத்தில் துளிர் வந்து, பச்சை கட்டி, மறைத்துவிடும். ஒரு வருஷம் இருபத்தாறு நாள் தெரிந்தது. ஒரு வருஷம் பத்தொன்பது. மிகக் குறைந்தது பதினேழு, அது மழை முந்திப் பெய்த வருஷம். இருபத்தேழு வருஷத்துக் கணக்கும் அவர் தலைக்குள் இருந்தது. யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஆனால் எந்த வருஷத்துக் கணக்கிலும் அந்த முற்றத்தில் ஒரு டெம்போ நின்றதில்லை. இன்று நின்றது. வெள்ளை டெம்போ, பின்பலகை திறந்திருந்தது, இரண்டு பேர் ஒரு கட்டிலைச் சாய்த்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“என்னவாக்கும் அப்பிடிப் பாக்கிய?” எஸ்தர்பாய் அரிசி களைந்த தண்ணீரை வாழை மூட்டில் ஊற்றிக்கொண்டே கேட்டாள். “நேத்தே சொன்னனே. ரோஸ்லெட்டுக்க மவ ஜெபசீலி வந்திருக்கா. தள்ளைய கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போறாளாம். வீட்டைப் பூட்டியாச்சின்னா பின்ன இஞ்சோட்டு வரவு இல்ல.”

“ம்.”

“ம்-மா? இருவத்தேழு வருசமாட்டு இந்த ம்-தான். தம்பி பெஞ்சாதி ஊரை விட்டே போறா. எறங்கிப் போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தா உங்க வாயில உள்ள முத்தெல்லாம் கொட்டிப்போவுமோ?”

“காப்பி ஆறிப்போச்சி” என்றார் அவர். “அது ஆறி அரமணிக்கூர் ஆச்சி” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

கட்டில் ஒன்று. மாவாட்டும் கிரைண்டர் இரண்டு. தகரப் பெட்டி மூன்று, இன்னொரு தகரப் பெட்டி நான்கு. எட்டோ ஒன்பதோ ஏற்றினால் ஒரு தனி மனுஷியின் வீடு முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டார். இந்த வேகத்தில் போனால் இன்னும் அரைமணி நேரம். அரைமணி நேரம் இப்படியே இந்தப் படியில் இருந்துவிட்டால் போதும், பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அடுத்த தை மாதம் இலை விழுந்தால் பூட்டிய கதவு தெரியும், பூட்டிய கதவைப் பார்ப்பது அவ்வளவு கஷ்டம் இல்லை. இப்படி நினைத்ததும் நெஞ்சுக்குள் ஏதோ இளகி இறங்கியது, சிறு பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்று சொன்னது போல. உடனே அந்த இளக்கத்தைக் கண்டு அவருக்கே பயம் வந்தது. எதிரே மரங்கள் மொட்டையாக நின்றன. அவருடைய பங்கில் முந்நூற்றுப் பன்னிரண்டு மரம்; பால் வெட்டி வெட்டி ஒவ்வொரு மூட்டின் பட்டையும் அவர் விரலுக்குத் தெரியும். வெட்டு நிறுத்தியிருக்கும் இந்த நாட்களில் கைக்கு வேலை இல்லாததால் படியில் இருந்தபடியே எண்ணுவார். எண்ணினால் முந்நூற்றுப் பதிமூன்று வரும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒன்று கூடும். திரும்ப எண்ணினாலும் கூடும். கீழிருந்து எண்ணினாலும் கூடும். கிட்டே போய் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினால் மட்டும் சரியாக முந்நூற்றுப் பன்னிரண்டு வரும். அப்படியானால் தூரத்திலிருந்து பார்க்கும்போது மரங்களுக்கு நடுவே மரமல்லாத ஒன்று, அதே உயரத்தில், அதே நிறத்தில், அசையாமல் நிற்கிறது. அது முகத்தை எந்தப் பக்கம் வைத்திருக்கிறது என்று அவர் ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சபை மண்டபத்தில் ரப்பர் விவசாயிகளுக்கு ஒரு வகுப்பு நடத்தினார்கள். கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண், ஆபீசர், பலகையில் ‘இலையுதிர் மரம்’ என்று எழுதி அடியில் கோடு போட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன ஏசுவடியான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். நாற்பது வருஷமாக அந்த மரத்தின் அடியில் நடக்கிறவர், அதற்கு அப்படி ஒரு பெயர் உண்டு என்று அன்றைக்குத்தான் கேட்டார். அவள் ஒரு பழுத்த இலையைத் தூக்கிப் பிடித்து, காம்பின் அடி முனையைக் காட்டினாள். “காத்தடிச்சு விழுதுன்னு நினைப்பீங்க. இல்லை. மரம்தான் விடுது. முதல்ல இலையில இருக்கிற சத்தை எல்லாம் திருப்பி எடுத்துக்கும், பச்சை போறது அதனாலதான். அப்புறம் காம்பு சேர்ற இடத்துல உள்ளுக்குள்ள ஒரு சுவர் கட்டும். தண்ணி நின்னுடும். அதுக்கப்புறமும் இலை சில நாள் தொங்கிட்டுத்தான் இருக்கும். காத்து கடைசியில வந்து பேரு வாங்கிக்கும்.” முன் பெஞ்சிலிருந்து பொன்னுமணி, “அப்பம் நம்ம வீட்டுக்காரிமாரு நமக்குச் செய்யது போலயாக்கும் மேடம்” என்றான், மண்டபம் முழுக்கச் சிரிப்பு. ஒருவர் எழுந்து, பலாவும்தானே இலையைப் போடுகிறது, அது மட்டும் என்ன என்று கேட்டார். “பலா ஒண்ணொண்ணா விடும், ஒண்ணொண்ணாத் துளிர்க்கும். எந்த நாளும் பச்சையாத்தான் நிக்கும். இலையுதிர் மரம்னா வருஷத்துல ஒரு பருவத்துல எல்லாத்தையும் விட்டுட்டு வெறுசா நிக்கிறது. தண்ணி குறையிற காலத்துல தன் உயிரைக் காப்பாத்திக்கத்தான் அப்படிச் செய்யுது.” எல்லோரும் டீக்குப் போனார்கள். ஏசுவடியான் போகவில்லை. ஆபீசர் மேஜையில் வைத்துவிட்டுப் போன இலையை எடுத்துக் காம்பின் முனையைப் பெருவிரலால் தடவினார். வெட்டிய அடையாளம் இல்லை, ரணம் இல்லை, பால் இல்லை. ரப்பர் மரத்தில் எங்கே நகம் பட்டாலும் பால் வரும். இங்கே மட்டும் ஒரு சொட்டுக்கூட வராமல், வழுவழுவென்று, ஏற்கனவே ஆறிப்போன புண் மாதிரி இருந்தது. விழுவதற்கு முன்னாலேயே ஆறிய புண். அன்றிலிருந்து அந்த வழுவழுப்பு பெருவிரலை விட்டுப் போகவில்லை. ஜெபம் பண்ணும்போது, சோறு பிசையும்போது, சும்மா இருக்கும்போதும் விரல் அதைத் தேடித் தடவிப் பார்க்கும்.

உயிரைக் காப்பாற்றிக்கொள்ள. ஆமாம். அதுவும் இதே போல வெட்டு நிறுத்திய தை மாதம்தான். அப்போது அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே புகைப்புரை, பாலை உறையவைத்து ஷீட் அடித்துப் புகை போடுகிற கொட்டகை, தங்கையன் வீட்டை ஒட்டி அக்கரையில் இருந்தது. வேலை இல்லாத நாட்களில் அதன் ஓட்டைப் பிரித்து மாற்றலாம் என்று முடிவு செய்து ஏசுவடியான் உள்ளே இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பதினான்கு சாமான். பாலை உறைய வைக்கும் ஆசிட் ஒரு பிளாஸ்டிக் கன்னாசில் எப்போதும் மேலே, ஓட்டைத் தாங்கும் மூன்றாவது கழுக்கோலில் செருகியிருக்கும், கன்னாசின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கும், பிள்ளைகள் உள்ள இடம் என்று அவரே ஏற்படுத்திய முறை அது. ஊரில் ஒரு பேச்சு உண்டு: ஏசுவடியான் வச்சா வச்ச இடம். அன்றைக்குக் கன்னாசின் அடியில் கொஞ்சம்தான் இருந்தது, அதுவும் ஒழுகியது. காலியான ஒரு நன்னாரி சர்பத் பாட்டிலைக் கழுவி அதில் ஊற்றினார். தண்ணீர் மாதிரி இருந்தது. துணி பிறகு கட்டலாம் என்று தம்பி வீட்டு அடுக்களைக்கு வெளியே, தண்ணீர்ப் பானை இருந்த மேடையில், பானைக்குப் பக்கத்தில் வைத்தார். ஐந்து நிமிஷத்துக்கு. ஆசாரி கூப்பிட்டான், கழுக்கோலை ஒரு முனையில் பிடிக்க ஆள் வேண்டும் என்று. போனார். பிடித்தார். ஐந்து நிமிஷம் ஒரு மணி நேரம் ஆனது. தங்கையன் வெயிலில் ஓடு சுமந்துவிட்டு வந்து, அந்தப் பாட்டிலை எடுத்து, அண்ணாந்து, வாயில் படாமல், தொண்டைக்குள் நேராகக் கவிழ்த்துக் குடிக்கிற பழக்கம் அவனுக்கு, கவிழ்த்தான். நெடி தெரியாதா என்று பிறகு எத்தனையோ தடவை அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். ரப்பர்ப் பால் புளித்த நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு எந்த நெடி தெரியும்.

அதோடு முடிந்திருந்தால் அது ஒரு விபத்து. ஆனால் அன்று காலையில் தங்கையனுக்கும் ரோஸ்லெட்டுக்கும் சண்டை. கள்ளு வாடையோடு வந்ததற்காக அவள் கத்தினாள், “எங்கயாவது போயிச் செத்துத் தொலையும், எனக்கும் பிள்ளைக்கும் சமாதானம் கிட்டட்டு” என்று கத்தியது ஓடைக்கு இக்கரையில்கூடக் கேட்டது. எல்லோருக்கும் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட ஒரு நாழிகை ஆகவில்லை. போலீஸ்காரர் ஏசுவடியானைத் தனியாகக் கூப்பிட்டு, “பாட்டில் எங்க இருந்தது?” என்று கேட்டார். அவருக்கு அப்போது நாற்பத்து நாலு வயது.  ஜெயில் என்ற ஒரு சொல் மட்டும் காதுக்குள் மணி மாதிரி அடித்தது. “வழக்கமா வைக்கிய எடத்துலதான் ஐயா. மேல, மூணாவது கழுக்கோல்ல.” அவ்வளவுதான் சொன்னார். விரலை நீட்டி, இன்னும் ஓடு பிரிக்காமல் கிடந்த அந்த இடத்தைக்கூடக் காட்டினார். ஏணி போட்டு ஏறி ஆசிட்டை எடுத்தவன் தாகத்துக்கா எடுத்திருப்பான்? ஏசுவடியான் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள், அவர் வைத்தால் வைத்த இடம் ஆயிற்றே. ரோஸ்லெட்டே நம்பினாள். அதுதான், அவளே நம்பினதுதான், அவர் எத்தனை தடவை அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனாலும் கடைசியில் கால் இடறும் கல். அவள் ஒரு தடவைகூட, நான் சொன்னதற்காக அவர் சாகமாட்டார் என்று யாரிடமும் எதிர்த்துச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

தங்கையன் பதினொரு நாள் கிடந்தான். தொண்டை வெந்து பேச்சு இல்லை. ஐந்தாம் நாள் ஏசுவடியான் கட்டிலோரம் நின்றபோது அவன் கண்ணைத் திறந்து நேராகப் பார்த்து, ஆள்காட்டி விரலை மெதுவாகத் தூக்கி உதட்டின் மேல் வைத்தான். சொல்லாதே என்றானா? அண்ணே, உன்னை நான் காட்டிக்கொடுக்க மாட்டேன், நீயும் சொல்லாதே என்றானா? அப்படி இருந்தால் அது அவன் தந்த உத்தரவு, அதைக் காப்பாற்றுவது தம்பிக்குச் செய்யும் மரியாதை. பத்து வருஷம் போல அவர் அப்படித்தான் வைத்திருந்தார். பிறகு ஒருநாள் பல்வலி வந்து தானே உதட்டில் விரலை வைத்துக்கொண்டபோது, அவன் வெறுமனே எரிகிற இடத்தைக் காட்டியிருப்பான், எரிகிறது தண்ணீர் கொடு என்று கேட்டிருப்பான் என்று தோன்றியது. தோன்றியது போகவில்லை. தண்ணீர் கேட்டவனுக்கு அன்று அவர் தண்ணீர் கொடுக்கவில்லை.

ஐந்து, பித்தளை அண்டா. ஆறு, ஒரு நாற்காலி, அதன்மேல் இன்னொரு நாற்காலி, அதை ஆறு என்று எண்ணுவதா ஏழு என்று எண்ணுவதா. அவருடைய அம்மை சாகும்வரை ரோஸ்லெட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, ‘நாக்கு’ என்றுதான் சொன்னாள். நாக்கு ஓடையில குளிக்க வந்திருக்கு, நாக்கு கோயிலுக்கு வந்திருக்கு. நாலு வயசு ஜெபசீலியைத் தூக்கிக்கொண்டு வந்து ரோஸ்லெட்டின் நாத்தனார் வீட்டில் விட்டார்கள், பிறகு ஹாஸ்டல். முதலில் சத்தை எல்லாம் திருப்பி எடுத்துக்கொள்ளும். பிள்ளையை எடுத்தாயிற்று. கல்யாணம், அடியந்திரம் ஒன்றுக்கும் அழைப்பதில்லை என்று ஆயிற்று. தண்ணி நின்றுவிடும். அதன்பிறகும் அவள் அங்கேயே தொங்கிக்கொண்டுதான் இருந்தாள், இருபத்தேழு வருஷம், தான் மரத்தில் சேர்ந்திருப்பதாகவே நினைத்து, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு பாத்திரம் முந்திரிக்கொத்து யாரிடமாவது கொடுத்துவிட்டு. எஸ்தர்பாய் வாங்கி வைப்பாள். அவர் தின்றதில்லை. போன வருஷம் ஜெபசீலி கோயிலில் எஸ்தர்பாயிடம் சொன்னாளாம்: “அம்மைக்க கூட ரெம்பப் பேசமாட்டேன் பெரியம்மா. எப்பம் என்ன சொல்லிப்போடுவாளோன்னு பயமாட்டு இருக்கும். எனக்கும் ஒரு வீட்டுக்காரர் இருக்காருல்லா.” எஸ்தர்பாய் அதை ஏதோ மருமகள் பேச்சு மாதிரிச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் எழுந்து போய்க் கிணற்றடியில் முகம் கழுவினார். இனி கோயம்புத்தூரில், ஒரே வீட்டுக்குள், ஒரே அடுக்களையில், தன்னைப் பார்த்துப் பயப்படுகிற மகளோடு அவள் சாகும்வரை இருக்க வேண்டும். வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

பின்பலகையைத் தூக்கிப் பூட்டும் சத்தம் ஓடையைத் தாண்டி வந்தது. எழுந்தது எப்போது என்று அவருக்கே தெரியாது, தம்ளர் கவிழ்ந்து உருண்டது. “எங்க எறங்குதிய, செருப்ப இட்டுட்டுப் போங்க” என்று எஸ்தர்பாய் கத்தினாள். அவர் சரிவில் இறங்கினார். முட்டளவு சருகு. ஒவ்வொரு அடிக்கும் ஓலை கிழிவது போலச் சத்தம், மழைக்காலமாயிருந்தால் பூனை மாதிரிப் போயிருக்கலாம், இந்த மாதத்தில் இந்தத் தோட்டத்தில் ஒருத்தரும் ஒளிந்து நடக்க முடியாது. சத்தத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. எத்தனை அடி நடந்தோம், எத்தனை மரம் கடந்தோம் ஒன்றும் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் இன்னொரு ஜோடிக் கால் அதே சருகில் வருவது போல இருந்தது. நின்றால் நின்றது. நடந்தால் நடந்தது. திரும்பாதே. ஓடையில் கணுக்காலுக்குத்தான் தண்ணீர், அதற்கா இருபத்தேழு வருஷம். நடு ஓடையில் நிற்கும்போது டெம்போவின் எஞ்சின் உறுமியது. போகட்டும். போய்விடட்டும் கர்த்தாவே. நான் வந்தேன், அவள் போய்விட்டாள், என்மேல் குற்றம் இல்லை. அந்த நினைப்பு எவ்வளவு இனிப்பாக இருந்தது, எவ்வளவு வழுவழுப்பாக! அவர் பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி இறுக்கிக்கொண்டு கரையேறினார். டிரைவர் வண்டியைத் திருப்புவதற்காகப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். ஏசுவடியான் மூச்சிரைக்க அதன் முன்னால் போய் இரண்டு கையையும் பேனட்டின் மேல் வைத்து நின்றார்.

“வே, சாவதுக்கு வேற வண்டி கிட்டலயா?” டிரைவர் தலையை நீட்டிக் கத்தினான். அவனுக்கு அடுத்த இருக்கையில் ரோஸ்லெட். கூந்தல் முழுக்க நரைத்து, மடியில் ஒரு பையைக் கட்டிப்பிடித்திருந்தாள். இவ்வளவு கிட்டத்தில் அவர் அவளைப் பார்த்ததில்லை, அதாவது அதற்குப் பிறகு.

“அத்தானா?” என்றாள். பிறகு, “சருகுச் சத்தம் கேட்டப்பமே யாரோ வாறாவன்னு நெனச்சேன். அக்கா சொகமா இருக்காவளா?”

சுகமாகப் போய்ட்டு வா என்று சொன்னால் போதும். மூன்று சொல். சொல்லிவிட்டுத் திரும்பலாம். அவர் ஜன்னல் பக்கம் வந்தார். குரல் யாருடையதோ மாதிரி வந்தது.

“அந்த பாட்டில் மேல இருக்கல்ல ரோஸ்லெட்டு. கழுக்கோல்ல இருக்கல்ல. நானாக்கும் எறக்கினேன். உனக்க தண்ணிப் பானைக்கப் பக்கத்துல வச்சேன்.”

எஞ்சின் சத்தத்தில் கேட்டதோ இல்லையோ. அவள் டிரைவரைத் தொட்டாள், அவன் நிறுத்தினான். “என்ன பாட்டிலு?” என்று கேட்டாள், ஆனால் கேட்கும்போதே அவள் முகம் மாறிவிட்டது. “துணி கெட்டியிருந்துதா?”

“கெட்டல. சர்பத்துப் பாட்டிலு. பெறவு கெட்டலாம்னு வச்சேன். போலீசுட்ட மாத்திச் சொன்னேன்.”

“அப்பம் அவரு…” அவள் பையை இறுக்கினாள். “அவரு தண்ணின்னா குடிச்சாரு?”

“தண்ணின்னுதான்.”

 அவள் அழுவாள் என்று நினைத்தார், காறித் துப்புவாள் என்று நினைத்தார், செருப்பைக் கழற்றுவாள் என்று நினைத்தார். செருப்பைக் கழற்றினால் நல்லது, அது எத்தனை அடி என்று எண்ணிக்கொள்ளலாம். அவள் கதவைத் திறந்து, ஒரு காலை ஊன்றி, முட்டைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கீழே இறங்கினாள். அவரைப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் திரும்பி, “ஜெபா! இஞ்ச வா பிள்ளே!” என்று கூப்பிட்டாள்.

“நேரமாச்சிம்மா, பூட்டு கடுக்குது…” உள்ளேயிருந்து குரல் வந்தது.

“பூட்டு கெடக்கட்டு. நீ வா.”

ஜெபசீலி கையில் சாவிக்கொத்தோடு வந்தாள். தங்கையனின் அதே நெற்றி, அதே அகன்ற காது. அவரைக் கண்டதும் தயங்கி, “பெரியப்பா…” என்று துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். ரோஸ்லெட் மகளுக்கும் அவருக்கும் நடுவில் நிற்காமல் ஒதுங்கி, வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

“எனக்கிட்ட சொன்னீருல்லா, இனி இவளுக்கிட்ட சொல்லும். முதல்ல இருந்து சொல்லணும். அண்ணைக்குக் காலைல நான் அவர ஏசினேன், என்ன சொல்லி ஏசினேன்னும் சொல்லும், அத விடண்டாம். நான் சொன்னது சொன்னதுதான். அதுக்குப் பெறவு நீரு எறக்கினதச் சொல்லும். எங்க வச்சீருன்னு சொல்லும். போலீசுட்ட என்ன சொன்னீருன்னும் சொல்லும்.”

“என்னம்மா இது? என்ன சொல்லணும்?” ஜெபசீலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டிரைவர் ஏதோ கேட்க வாயெடுத்து, பேசாமல் இறங்கி அந்தப் பக்கம் போனான்.

ஏசுவடியான் வாயைத் திறந்தார். இருபத்தேழு வருஷம் தலைக்குள் வரிசை குலையாமல் அடுக்கி வைத்திருந்தது அத்தனையும் இப்போது எது முதல் எது இரண்டாவது என்று தெரியாமல் கலைந்து கிடந்தது. உதடு அசைந்தது. “அண்ணைக்கு…” என்றார். அது அவருக்கே கேட்கவில்லை.

“சத்தமாட்டு சொல்லும்” என்றாள் ரோஸ்லெட்.